பித்தளைக்குக் குரல் கொடுத்த பட்டறைக்காரர்



கச்சேரி என்றால் டிக்கெட் வேண்டும், முன்வரிசையில் உட்காரப் பெரிய மனிதர் சிபாரிசு வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் ஓர் அழைப்பிதழாவது வேண்டும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இசைக் கல்லூரிகளில் இது எதுவுமே தேவைப்படாத கச்சேரிகளும் உண்டு. சாயந்திரம் ஒரு கூடத்தின் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கட்டணம் கிடையாது. வாசிக்கிறவர்களில் பல பேர் நம்மைப் போல மாணவர்கள்தான்.

இந்த மாதிரிக் கச்சேரிக்கு 'சேம்பர் மியூசிக்' என்று பெயர். சேம்பர் என்றால் அறை. அறைக்குள் அடங்குகிற இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா இல்லை, குச்சியை ஆட்டுகிற கண்டக்டர் இல்லை. நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். ஒரு பாகத்துக்கு ஒரே ஆள். நீங்கள் தப்பு செய்தால் மறைக்கப் பக்கத்தில் இன்னொருத்தர் கிடையாது.

அப்படிப்பட்ட இலவசக் கச்சேரி ஒன்றில் நாலு சாக்ஸபோனும் ஒரு பியானோவும் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என்று சின்னதிலிருந்து பெரியது வரை நாலு பித்தளைக் கருவிகள். கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். முடிந்ததும் கை தட்டுகிறார்கள், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு பைசா செலவில்லை.

ஆனால் அந்தக் கருவியைச் செய்த மனிதருக்கு அதற்காக எவ்வளவு செலவானது தெரியுமா? மூன்று தடவை திவால், இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட், கடைசியில் தான் சேர்த்து வைத்த கருவிகளையே ஏலத்தில் விட்ட கதை! மெக்கானிக்கல் படிக்கிறவன் இசையைப் பற்றி எதற்கு எழுதுகிறான் என்று கேட்காதீர்கள். இது ஒரு பட்டறைக்காரரின் கதை. நம் ஆளின் கதை.

எமனை ஏமாற்றிய பையன்

அவர் பெயர் அடால்ஃப் சாக்ஸ். வீட்டில் வைத்த பெயர் அந்துவான் ஜோசஃப். 1814-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி, மியூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் டினான் என்ற சின்ன ஊரில் பிறந்தார். இன்றைக்கு அது பெல்ஜியம். அன்றைக்கு பெல்ஜியம் என்ற நாடே கிடையாது. அது உருவானது 1830-இல்.

அப்பா சார்லஸ் ஜோசஃப் சாக்ஸ் தச்சு வேலை தெரிந்தவர். இசைக் கருவி செய்வதைத் தானாகவே கற்றுக்கொண்டவர். குடும்பம் ப்ரஸ்ஸல்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, நெதர்லாந்து மன்னரின் அரண்மனைக்குக் கருவி செய்து கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார்.

பையன் பிழைத்து வளர்ந்ததே பெரிய கதை. மூணாவது மாடியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதாகச் சொல்வார்கள். பால் என்று நினைத்து அமிலம் கலந்த தண்ணீரைக் குடித்தானாம். குண்டூசியை விழுங்கினானாம். வெடிமருந்து வெடித்து உடம்பெல்லாம் வெந்ததாம். ஆற்றில் விழுந்து மிதந்தவனை யாரோ தூக்கிப் போட்டார்களாம். அக்கம்பக்கத்தார் அவனைச் சின்னப் பேய் என்றே கூப்பிட்டதாகக் கேள்வி. இதில் எத்தனை நிஜம், எத்தனை பிற்பாடு சேர்த்தது என்பது அந்த மியூஸ் ஆற்றுக்குத்தான் வெளிச்சம்! ஆனால் அந்த வீட்டில் பிறந்த பதினோரு பிள்ளைகளில் பலர் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். மூத்தவன் தப்பினான்.

தப்பியவன் பட்டறையிலேயே வளர்ந்தான். நமக்கெல்லாம் முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பையனுக்கு அரம் பிடிப்பதும் துளை போடுவதும் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதினைந்து வயதுவாக்கில், தான் செய்த புல்லாங்குழல்களையும் கிளாரினெட்டையும் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டான். அதோடு நிற்காமல் ப்ரஸ்ஸல்ஸ் இசைப் பள்ளியில் சேர்ந்து கிளாரினெட் வாசிக்கவும் கற்றுக்கொண்டான்.

தோழர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. செய்கிறவனுக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கிறவனுக்குச் செய்யத் தெரியாது என்பதுதான் உலக வழக்கம். இவருக்கு இரண்டும் தெரியும். கருவியில் எந்த ஸ்வரம் நொண்டுகிறது என்பதைக் காது சொல்லும். எந்த இடத்தில் துளையை நகர்த்த வேண்டும் என்பதைக் கை சொல்லும்.

குழாயில் ஒரு சந்தேகம்

அன்றைய பேஸ் கிளாரினெட் ஒரு தொல்லை பிடித்த கருவி. அதைச் சரிசெய்து 1838-இல் காப்புரிமை வாங்கினார் சாக்ஸ். அப்போது அவருக்கு வயது 23. அந்த வேலையில் இருக்கும்போதே அவருக்கு ஒரு பெரிய கேள்வி பிறந்திருக்க வேண்டும்.

ராணுவ பேண்டில் மரக் கருவிகள் சத்தம் போதாமல் தோற்றுப்போகும். பித்தளைக் கருவிகள் சத்தத்தில் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் வேண்டும். பித்தளையின் பலமும் மரக்குழலின் நெளிவும் சேர்ந்த குரல்.

அதற்கு அவர் கண்ட வழியை நம் பாஷையில் சொல்கிறேன். கிளாரினெட் ஒரு நேர் உருளை. ஒரு முனையில் நாணல் சீவாளி; அந்த முனை மூடியதற்குச் சமம். அதனால் ஊதும் விதத்தை மாற்றி மேலே ஏற்றினால் அதிர்வெண் இரண்டு மடங்காக ஆகாது, மூன்று மடங்காகப் போய் நிற்கும். நம் சங்கீதக் கணக்கில் ஸட்ஜத்தில் ஊதினால் அடுத்தது மேல் ஸ்தாயி பஞ்சமம். ஆகவே மேலே ஒரு விரல் வைப்பு, கீழே இன்னொரு விரல் வைப்பு. கற்கிறவன் பாடு திண்டாட்டம்.

குழாயைக் கூம்பாக்கினால்? அதே ஒற்றை நாணல், ஆனால் உடம்பு மட்டும் டேப்பர். இப்போது மேலே ஏற்றினால் சரியாக இரண்டு மடங்கு, அதாவது மேல் ஸ்தாயி ஸட்ஜம். கட்டை விரலுக்கு ஒரு சாவி வைத்தால் போதும், கீழ் ஸ்தாயியில் வைத்த அதே விரல்களே மேல் ஸ்தாயிக்கும் பொருந்தும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் டேப்பர் ஒரு மயிரிழை பிசகினாலும் ஸ்ருதி போய்விடும். டேப்பர் டர்னிங்கில் ஒரு தடவையாவது வேலையைக் கெடுத்தவர்களுக்கு இது புரியும்.

குரலின் குணத்தைத் தீர்மானிப்பது குழாய்க்குள் இருக்கும் காற்றின் வடிவம்தானே தவிர, குழாய் மரமா உலோகமா என்பதல்ல என்று சாக்ஸ் உறுதியாக நம்பினார். அதனால்தான் உடம்பு முழுக்கப் பித்தளையாக இருந்தும், சாக்ஸபோனை இன்றைக்கும் மரக்குழல் கருவிகளின் வரிசையிலேயே சேர்க்கிறார்கள். தேர்வில் கேட்டால் மாற்றி எழுதிவிடாதீர்கள்!

இன்னொன்று. அவர் ஒரு கருவியை மட்டும் செய்யவில்லை, ஒரு குடும்பத்தையே செய்தார். சின்னதிலிருந்து ராட்சசன் வரை எல்லாமே ஒரே டிராயிங், வேறு வேறு ஸ்கேல். விரல் வைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆல்டோ வாசிக்கிறவர் இன்றைக்கு வரவில்லையா? டெனர்காரர் எடுத்து வாசிக்கலாம். இன்டர்சேஞ்சபிலிட்டி என்று நாம் பத்து மார்க் கேள்விக்குப் படிக்கிறோமே, அதை இசையில் செய்து காட்டியவர் அவர்.

பாரீஸில் ஒரு கொட்டகை

1841-இல் ப்ரஸ்ஸல்ஸ் கண்காட்சி நடந்தது. நடுவர்கள் சாக்ஸின் கருவிகளைப் பாராட்டினார்கள். ஆனால் தங்கப் பதக்கம் கொடுக்க மனசு வரவில்லை. இந்த வயதிலேயே தங்கம் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் கொடுக்க ஒன்றுமிருக்காதாம்! தங்க முலாம் பூசிய பதக்கத்தை நீட்டினார்களாம். தங்கத்துக்கு நான் சின்னவன் என்றால் முலாமுக்கு நான் ரொம்பப் பெரியவன் என்ற அர்த்தத்தில் பதில் சொல்லி, வேண்டாம் என்று மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். வயசைச் சொல்லி நம்மை உட்கார வைக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

அடுத்த வருஷமே பாரீஸுக்குக் கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் முப்பது ஃப்ராங்க் மட்டும் இருந்ததாகக் கதை. ஆனால் கையில் கருவி இருந்தது. எக்டர் பெர்லியோஸ் என்ற பெரிய இசையமைப்பாளர் அதைக் கேட்டார். அவர் பத்திரிகையில் விமர்சனமும் எழுதுகிறவர். 1842 ஜூன் மாதம் அவர் எழுதிய கட்டுரை பாரீஸ் முழுக்க இந்த பெல்ஜியக்காரரைப் பற்றிப் பேச வைத்தது. கடன் வாங்கி, செயின்ட் ஜார்ஜ் தெருவில் பழைய கொட்டகை மாதிரியான இடத்தில் பட்டறை போட்டார் சாக்ஸ். பின்னால் அங்கேயே ஒரு கச்சேரிக் கூடமும் கட்டினார்.

1844 பிப்ரவரி 3. பெர்லியோஸ் தன் பாடல் ஒன்றை சாக்ஸின் கருவிகளுக்காக மாற்றி எழுதி மேடையேற்றினார். சாக்ஸபோன் வாசித்தது சாக்ஸே. ஆனால் கருவி இன்னும் முழுசாக முடியவில்லை! கயிறு கட்டி, அரக்கு வைத்து ஒட்டி, அன்றைக்குத் தேவையான அளவுக்கு ஒப்பேற்றிக்கொண்டு மேடை ஏறியதாகச் சொல்வார்கள். நடுவில் அடுத்த விரல் எது என்று மறந்துபோய், ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கேட்டவர்கள் அதைத்தான் ரொம்ப ரசித்தார்களாம். ப்ராஜெக்ட் வைவா அன்று காலையில் எம்-சீல் வைத்து மாடலை ஒட்டியவர்கள் நம் வகுப்பிலும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்!

மைதானத்தில் நடந்த போட்டி

இப்போது சொல்லப்போவதுதான் உண்மையான இலவசக் கச்சேரி. பிரெஞ்சு ராணுவத்தின் பேண்டு அந்தக் காலத்தில் மோசமாக இருந்தது. அதைச் சீர்திருத்த ஒரு குழு அமைத்தார்கள். பழைய முறையே போதும் என்று ஒரு கட்சி. அதற்குத் தலைவர் ராணுவ இசைப் பள்ளியின் தலைவரான மிக்கேலே கராஃபா. புதுக் கருவிகள் வேண்டும் என்று இன்னொரு கட்சி. அது சாக்ஸ். பேசிப் பிரயோஜனமில்லை, வாசித்தே காட்டுங்கள் என்று முடிவாயிற்று.

1845 ஏப்ரல் 22. இடம் பாரீஸின் ஷான் தெ மார்ஸ் மைதானம். பிற்காலத்தில், 1889-இல், ஐஃபல் கோபுரம் எழுந்தது அதன் ஓரத்தில்தான். திறந்த மைதானம். வந்த கூட்டம் இருபதாயிரம் என்று சொல்கிறார்கள். கராஃபா பக்கம் 45 பேர். சாக்ஸ் பக்கம் 38 பேர். அதிலும் சிலர் கடைசி நேரத்தில் வரவேயில்லை. எதிர்க்கட்சி அவர்களைக் காசு கொடுத்துக் கலைத்துவிட்டது என்ற பேச்சு அன்றிலிருந்து உண்டு. விடுவாரா மனுஷன்? தானே இரண்டு கருவிகளைத் தூக்கிக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார்.

ஆள் குறைவு, ஆனால் சத்தம் நிறைவு. அன்றைக்குக் கைகொடுத்தது முக்கியமாக அவருடைய சாக்ஸ்ஹார்ன் என்ற பித்தளைக் கருவிகள். கூட்டம் யாருக்குக் கை தட்டியது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்த வருஷமே ராணுவம் சாக்ஸின் கருவிகளை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம், 1846-இல், சாக்ஸபோனுக்குப் பதினைந்து வருஷக் காப்புரிமையும் கிடைத்தது.

சினிமாவாக இருந்தால் இங்கே வணக்கம் போட்டுவிடலாம். வாழ்க்கையில் இடைவேளைக்கு அப்புறம்தானே சங்கடமே ஆரம்பம்!

கோர்ட் வாசலில்

பாரீஸின் மற்ற கருவி வியாபாரிகள் ஒன்று சேர்ந்தார்கள். சாக்ஸின் காப்புரிமை செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். இந்தக் கருவி ஒன்றும் புதிதல்ல, ஏற்கெனவே இருப்பதுதான் என்றார்கள். அவருடைய கருவிகளை வாங்கி, பெயரை அழித்து, வெளிநாட்டு முத்திரை குத்தி, பழைய கருவி என்று கோர்ட்டில் காட்டியதாகக்கூடச் சொல்லப்படுகிறது. பெரும்பாலான முக்கிய வழக்குகளில் கடைசியில் ஜெயித்தது சாக்ஸ்தான். ஆனால் ஜெயிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன, பணமும் கூடவே ஓடிவிட்டது.

மற்றவர்களை ஒரேயடியாக வில்லன்களாக்கிவிடவும் எனக்கு மனசில்லை. அரசாங்கம் ராணுவ ஆர்டர் முழுவதையும் ஒரே பட்டறைக்கு, அதுவும் வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்தால், மற்ற பட்டறைகளின் தொழிலாளிக்குக் கூலி எங்கிருந்து வரும்? அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டுமே. சாக்ஸும் லேசுப்பட்ட ஆளில்லை. முன்கோபி. விட்டுக்கொடுக்கத் தெரியாதவர். ஒருவேளை பாதி வழக்கைப் பேசித் தீர்த்திருந்தால் பட்டறை பிழைத்திருக்குமோ என்று தோன்றுகிறது.

1848-இல் புரட்சி வந்தது. மன்னர் ஓடிப்போனார். மன்னர் காலத்து உத்தரவும் அவரோடு போயிற்று. ராணுவ ஆர்டர்கள் நின்றன. 1849 கண்காட்சியில் தங்கப் பதக்கமும், லெஜியன் ஆஃப் ஆனர் விருதும் வந்தன. பதக்கத்தைக் காட்டினால் கடன்காரன் போய்விடுவானா? 1852-இல் முதல் தடவையாக மஞ்சக் கடுதாசி கொடுத்தார்.

பின்னால் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் மறுபடியும் கை தூக்கிவிட்டார்கள். 1854-இல் ராணுவ பேண்டுகளில் சாக்ஸபோன் திரும்ப வந்தது. அதே சமயத்தில் அவர் உதட்டில் ஒரு கட்டி வளர ஆரம்பித்தது. கருவியை ஊதிப் பார்த்துச் செய்கிறவருக்கு உதட்டிலே கட்டி என்றால் எப்படியிருக்கும்! பல வருஷம் அவதிப்பட்டு, 1850-களின் இறுதியில் அதிசயமாகக் குணமானார். எமன் இந்தத் தடவையும் ஏமாந்தான்.

கருவி மட்டும் போதுமா?

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். நாம் ஒரு மெஷினைச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சாக்ஸ் அப்படி நினைக்கவில்லை. புதுக் கருவி பிறந்துவிட்டது. வாசிக்க ஆள் எங்கே? வாசிக்கப் பாட்டு எங்கே? வயலினுக்கு இருநூறு வருஷத்துப் பாட்டு இருக்கிறது. சாக்ஸபோனுக்கு ஒன்றுமில்லை. பாட்டு இல்லாத கருவி, ஆபரேட்டர் இல்லாத லேத் மாதிரி. துணி போட்டு மூடித்தான் வைக்க வேண்டும்.

1857-இல் பாரீஸ் இசைக் கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்கென்று சாக்ஸபோன் வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் சாக்ஸ். வருஷா வருஷம் தேர்வு வைக்க வேண்டும், தேர்வுக்குப் பாடம் வேண்டும். அதனால் நண்பர்களைப் பிடித்து எழுத வைத்தார். பழைய ப்ரஸ்ஸல்ஸ் சிநேகிதரான ழான் பாப்திஸ்த் சேன்ஜெலே, புல்லாங்குழல் வித்வான் ஜூல் தெமெர்ஸ்மான் போன்றவர்கள் சாக்ஸபோனுக்கும் பியானோவுக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களை அச்சிட்டு விற்க அவரே ஒரு பதிப்பகமும் ஆரம்பித்தார்.

பியானோவை ஏன் சேர்த்தார்கள் என்று யோசித்தேன். மாணவன் தனியாக ஊதினால் ஸ்ருதி எவ்வளவு விலகுகிறது என்பது அவனுக்கே தெரியாது. பியானோவின் ஸ்வரம் கம்பியில் கட்டி வைத்தது, நகராது. அது ஒரு கேஜ் மாதிரி. கூட வாசித்தால் பிசகு உடனே தெரிந்துவிடும். அதுவுமில்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைக் கூப்பிடக் காசு வேண்டும். ஒரு பியானோ இருந்தால் ஒரு சின்ன அறையிலேயே கச்சேரி நடந்துவிடும்.

சேன்ஜெலே 1857-இல் நாலு சாக்ஸபோன்களுக்கென்று ஒரு படைப்பும் எழுதினார். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் என்று நாலும் சேர்ந்து வாசிக்க எழுதப்பட்ட முதல் படைப்பு அதுதான் என்று சொல்கிறார்கள். இன்றைக்கு உலகத்தில் எந்த சாக்ஸபோன் நால்வர் குழுவைக் கேட்டாலும் அதை ஒரு தடவையாவது வாசித்திருப்பார்கள். ஆரம்பத்தில் சொன்னேனே, டிக்கெட் இல்லாத கச்சேரி, அதன் அஸ்திவாரம் இங்கே போட்டது. மைதானத்தில் ஜெயிக்க வைத்த ராணுவ ஆர்டர் காற்றோடு போயிற்று. மாணவர்களின் பரீட்சைக்காக எழுதின தாள்கள் நின்றுவிட்டன!

ஏலம்

காப்புரிமையை 1860-இல் ஐந்து வருஷம் நீட்டிக் கொடுத்தார்கள். 1866-இல் அதுவும் முடிந்தது. மற்றவர்களும் சாக்ஸபோன் செய்ய ஆரம்பித்தார்கள். 1870-இல் பிரஷ்யாவோடு போர் வந்தது. ராணுவ மாணவர்கள் போர்முனைக்குப் போக, கல்லூரியில் சாக்ஸபோன் வகுப்பையும் மூடிவிட்டார்கள். மறுபடி அந்தக் கல்லூரியில் அந்த வகுப்பு திறந்தது எப்போது தெரியுமா? 1942-இல்! ஆசிரியராக வந்தவர் மார்செல் ம்யூல். எழுபது வருஷத்துக்கு மேல் வாத்தியார் இல்லாத பாடம்.

1873-இல் இரண்டாவது திவால். 1877-இல் மூன்றாவது. அந்த வருஷம் டிசம்பரில் அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கருவிகள், நானூற்றுக்கும் மேற்பட்டவை, ஏலத்துக்கு வந்தன. பழங்காலக் கருவிகள், தூர தேசத்துக் கருவிகள், தன் கையால் செய்தவை, எல்லாம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, விலை சொல்லி, சுத்தியலைத் தட்டியிருப்பார்கள். அந்தச் சத்தத்தை ஒரு பட்டறைக்காரர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்? நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

அப்புறமும் பதினாறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். வயசான காலத்தில், தன் நிலையைச் சொல்லி உதவி கேட்டு எழுத வேண்டியிருந்தது. சாபிரியே, மாஸ்னே, செயின்ட் சான்ஸ் போன்ற பெரிய இசையமைப்பாளர்கள் அவருக்காக அரசாங்கத்திடம் மனு கொடுத்தார்கள். 1894 பிப்ரவரியில் பாரீஸில் காலமானார். மோன்மார்த்ர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

சாக்ஸபோன் பிறகு அமெரிக்காவுக்குப் போனதும், ஜாஸ் இசைக்காரர்கள் அதைத் தூக்கிக் கொண்டாடியதும், கோல்மன் ஹாக்கின்ஸ், சார்லி பார்க்கர், ஜான் கோல்ட்ரேன் என்று மகா வித்வான்கள் வந்ததும் அவருக்குத் தெரியாது. பிறந்த ஊரான டினானில் இன்றைக்குப் பாலத்தின் மேலேயே பெரிய பெரிய சாக்ஸபோன் சிலைகள் நிற்கின்றன. 1990-களில் பெல்ஜியம் வெளியிட்ட 200 ஃப்ராங்க் நோட்டில் அவர் முகம் இருந்தது. யூரோ வந்ததும் அந்த நோட்டும் போயிற்று. காசுக்கும் அவருக்கும் கடைசி வரை ராசியில்லை!

நம் பக்கத்துக்கும் அந்தக் கருவி வந்தது. 1949-இல் மங்களூர்ப் பக்கத்தில் ஒரு நாகஸ்வரக்காரரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். கமகம் பேசும்படி கருவியில் மாற்றங்கள் செய்துகொண்டார். 1994-இல் வந்த 'டூயட்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் நம் வீட்டு ரேடியோவெல்லாம் கேட்டது அவர் மூச்சுதான். 2019-இல் அவர் மறைந்தார். ஒரு விஷயம் கவனித்தீர்களா? நாகஸ்வரமும் கூம்புக் குழல்தான். சாக்ஸ் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த வடிவம் நம் கோயில் வாசலிலும் இருந்திருக்கிறது.

நமக்கு என்ன?

உழைத்தால் உயரலாம் என்று ஆண்டு மலரில் எழுதுவது வழக்கம். சாக்ஸின் வாழ்க்கையை வைத்து அதைச் சொல்ல முடியாது. உழைத்தார், உயர்ந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். பேட்டன்ட் அவரைக் காப்பாற்றவில்லை. பதக்கம் காப்பாற்றவில்லை. கோர்ட்டில் ஜெயித்ததுகூடக் காப்பாற்றவில்லை.

டிப்ளமோ படிக்கிற நமக்கு இது பயமாகத்தான் இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் ட்ரெயினியாக நிற்கப்போகிறோம். நாம் சொல்கிற யோசனைக்கு வேறொருத்தர் பெயர் போட்டுக்கொள்ளலாம். இந்தப் பையனுக்கு என்ன தெரியும் என்று ஓரங்கட்டலாம். அதனால் ஒன்று சொல்கிறேன்: கணக்கு வழக்கையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். எந்தச் சண்டை போட வேண்டும், எந்தச் சண்டையை விட வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். சாக்ஸுக்குத் தெரியாமல்போன பாடம் அது.

ஆனால் அவருக்குத் தெரிந்த பாடத்தையும் மறந்துவிடாதீர்கள். செய்ததோடு நிற்காமல், அதைப் பயன்படுத்த நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் கையில் தாளையும் கொடுத்தார். ஏலத்தில் எல்லாம் போனது, அது மட்டும் ஏலத்துக்கு வரவில்லை. நம் ஷாப்பில் சீனியர் ஒருத்தர், தன் வேலை முடிந்த பிறகும் நின்று, த்ரெட் வெட்டுவது எப்படி என்று ஜூனியருக்குக் காட்டிவிட்டுப் போகிறாரே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

அடுத்த தடவை உங்கள் தெருவில் கல்யாண ஊர்வலம் போகும்போது பேண்டு செட்டில் பாருங்கள். யூனிஃபார்ம் கசங்கிப்போய், வேர்த்து விறுவிறுத்து ஓர் ஆள் வளைந்த பித்தளைக் கருவியை ஊதிக்கொண்டு போவார். ஒரு நிமிஷம் சைக்கிளை நிறுத்திக் கேளுங்கள். டிக்கெட் கிடையாது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு